ரிசப்ஷனுக்கு என்ன குடிக்கக் கொடுக்கலாம்? கிருஷ்ணகிரி, ஜூன் மாதம், 900 பேர்

ஏப்ரல் 6, வந்த கேள்வி

"எங்கள் ஊர் பாலக்கோடு பக்கம். மகளுக்கு ஜூன் 8 முகூர்த்தம். 7ஆம் தேதி சாயங்காலம் கிருஷ்ணகிரியில் மண்டபத்தில் வரவேற்பு. 900 பேர் வரலாம். சமையல் காண்ட்ராக்ட்காரர் நீலம், பச்சை, சிவப்பு என்று ஐந்து நிறத்தில் மாக்டெயில் படம் காட்டுகிறார், ஒரு கிளாஸ் 45 ரூபாய். பாட்டில் குளிர்பானம் போதும் என்கிறான் மகன். மாப்பிள்ளைக்கு பெங்களூரில் வேலை, அவர் நண்பர்களுக்குத் தனியாக 'ஏற்பாடு' செய்யணும் என்று காதில் போட்டிருக்கிறார்கள். மோர், பானகம் வைத்தால் கஞ்சன் என்று பேசுவார்களோ என வீட்டில் பயம். அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்."

ஏப்ரல் 6, இரவு 10.40

அண்ணா, ஜூன் மாதம், கிருஷ்ணகிரி. இந்த இரண்டையும் சேர்த்துச் சொன்ன பிறகு வேறு கேள்வியே இல்லை. மாம்பழம்தான்.

காவேரிப்பட்டணத்தை அடுத்து பையூர் பக்கம் எங்களுக்கு ஒரு தோப்பு இருக்கிறது. பெங்களூரா, செந்தூரா, கொஞ்சம் நீலம் ரக மாமரங்கள். நம் ஊர்ப் பழத்தைக் கூழாக்கி டின்னில் அடைத்து வெளிநாட்டுக்கு அனுப்புகிறார்கள். நம் வீட்டுக் கல்யாணத்தில் மட்டும் நீலச் சாயம் கரைத்த சர்க்கரைத் தண்ணீர் கொடுக்கிறோம். எனக்கு இது நெடுநாள் ஆதங்கம். போன வருடம் என் தம்பி கல்யாணத்தில் மாம்பழச் சாறும் மோரும் மட்டும்தான் வைத்தோம். யாரும் கஞ்சன் என்று சொல்லவில்லை. சாறு எங்கே பிடித்தீர்கள் என்றுதான் கேட்டார்கள்.

45 ரூபாய் என்றால் 900 பேருக்கு 40,500 ரூபாய். அந்தப் பணத்துக்கு இன்னொரு இனிப்பு வைக்கலாம்.

ஏப்ரல் 7, காலை

நேற்று அவசரத்தில் எழுதியதைத் திருத்திக்கொள்கிறேன். பழத்தை வாங்கி மண்டபத்தில் அரைக்கப் பார்க்காதீர்கள். தம்பி கல்யாணத்தில் முதலில் அப்படித்தான் ஆரம்பித்தோம். நாலு பேர் காலையிலிருந்து தோல் சீவினார்கள். அரைத்த சாறு மத்தியானத்துக்குள் நிறம் மாறி, அடியில் கூழும் மேலே தண்ணீருமாகப் பிரிந்துவிட்டது. ஈ மொய்த்த கதையை எழுத விருப்பமில்லை.

டின்னில் வரும் மாங்கூழ் வாங்குங்கள். பெரிய டின் 3.1 கிலோ. பெங்களூரா கூழில் புளிப்பும் கெட்டியும் இருக்கும், மணம் குறைவு. அல்போன்சாவில் மணமும் நிறமும் தூக்கலாக இருக்கும், விலையும் அதிகம். இரண்டு பங்கு பெங்களூரா, ஒரு பங்கு அல்போன்சா என்று கலந்தால் வாய்க்குச் சரியாக வரும்.

கணக்கு: தலைக்கு 200 மில்லி என்றால் 180 லிட்டர் சாறு. ஐந்தில் ஒரு பங்கு கூழ் போட்டால் 36 கிலோ. 12 டின்.

ஏப்ரல் 7, மத்தியானம்

பாட்டில் ஏன் வேண்டாம் என்று உங்கள் மகன் கேட்டிருக்கிறார். தம்பி, பழபானம் என்று பெயர் போட 10 சதவீதம் பழம் இருந்தாலே உணவு விதிப்படி போதும். மாம்பழ நெக்டர் என்றால் 20 சதவீதம் வேண்டும். நாம் கலக்கப்போவது அந்த 20. வாயில் வைத்தால் வித்தியாசம் தெரியும். தவிர, பாதி குடித்த பாட்டில்களை மேஜைக்கு அடியில் உருட்டிவிட்டுப் போவார்கள். மறுநாள் காலையில் முகூர்த்தத்துக்கு முன்னால் அதைப் பெருக்கிக்கொண்டிருக்க வேண்டும்.

ஏப்ரல் 9

12 டின் என்று சொன்னது அதிகம். எவர்சில்வர் டம்ளரைத் தளும்ப ஊற்றினால்தான் 200 மில்லி. பரிமாறுகிறவர்கள் முக்கால்தான் ஊற்றுவார்கள், 150 என்று வையுங்கள். சர்க்கரை உள்ளவர்கள் தொட மாட்டார்கள், பிள்ளைகள் இரண்டு முறை குடிப்பார்கள். இரண்டும் சரிக்குச் சரி. 135 லிட்டர், 9 டின். தண்ணீர் சுமார் 95 லிட்டர், சர்க்கரை 15 கிலோ. சர்க்கரையைத் தனியாகக் காய்ச்சி, வடிகட்டி, ஆறவிட்டுக் கலக்குங்கள். கடைசியில் எலுமிச்சை பிழிந்தால் கூழின் திகட்டல் அடங்கும். எத்தனை பழம் என்று மாஸ்டர் நாக்கு சொல்லட்டும்.

மூன்று டின் கூடுதலாக வாங்கி வையுங்கள். உடைக்காத டின் மாதக்கணக்கில் கெடாது.

ஏப்ரல் 13

இன்று போச்சம்பள்ளி ஞாயிற்றுச் சந்தைக்குப் போயிருந்தேன். இளநீர் வைக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள், அதையும் விசாரித்தேன். 900 இளநீர் சீவ எத்தனை கை வேண்டும், கூட்டை எங்கே கொட்டுவது என்று யோசித்ததும் விட்டுவிட்டேன். மணமக்கள் வீட்டு நெருங்கின சொந்தத்துக்கு மட்டும் என்று வைத்தால், கிடைக்காதவர்கள் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். வேண்டாம்.

ஏப்ரல் 14, தண்ணீர் பற்றி

சாறு, மோர் என்று பேசிக்கொண்டே தண்ணீரை மறந்துவிட்டோம். முதலில் எழுதியிருக்க வேண்டியது இதைத்தான்.

தருமபுரி, கிருஷ்ணகிரி என்று நம் இரண்டு மாவட்டத்திலும் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு எவ்வளவு அதிகம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. என் அத்தை பென்னாகரம் பக்கம் வாழ்க்கைப்பட்டுப் போனவர். அவர் பிள்ளைகள் மூன்று பேருக்கும் முன்பல்லில் காவிக்கோடு. பெரியவன் போட்டோவுக்கு வாய் திறந்து சிரித்து நான் பார்த்ததில்லை. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் 2013இல் வந்தபிறகுதான் அந்த ஊரில் பிறந்த குழந்தைகள் வேறு தண்ணீர் குடிக்கின்றன. லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு வழியே இல்லையென்றால் 1.5 வரை என்கிறது இந்தியத் தர அளவு.

ஒரு நாள் குடித்தால் பல் காவியாகிவிடாது, அது உண்மை. ஆனால் போர்வெல் உப்புத் தண்ணீரில் கலக்கிய சாறும் மோரும் சப்பென்று, ஒரு கடுப்போடு இருக்கும். காய்ச்சினாலும் ஃபுளோரைடு போகாது. தண்ணீர் வற்ற வற்ற அடர்த்திதான் கூடும். மண்டபத்துக் குழாயில் வருவது ஒகேனக்கல் தண்ணீரா, போர் தண்ணீரா என்று முன்னாலேயே கேளுங்கள். போர் என்றால் கலக்கவும் குடிக்கவும் 20 லிட்டர் கேன்தான். தலைக்கு முக்கால் லிட்டர் என்று வைத்தால் குடிக்க 34 கேன், சாறு, மோர், பானகத்துக்கு இன்னும் 16. மொத்தம் 50 சொல்லிவிடுங்கள். மூடி சீல் உடையாமல் இருக்கிறதா என்று ஒருவர் நின்று பார்க்கட்டும்.

ஏப்ரல் 15

ஐஸ். இதை எழுதாமல் இருக்க முடியாது.

2004இல் எங்கள் அக்கா கல்யாணம். ரோஸ் மில்க் வைத்தோம். சாயங்காலம் மூன்று சக்கர வண்டியில் ஐஸ் பாளம் வந்தது. சாக்கைப் பிரித்தால் மேலெல்லாம் மரத்தூள். குழாயடியில் வைத்துக் கழுவி, சம்மட்டியால் உடைத்து, அண்டாவுக்குள் போட்டார்கள். ரோஜா நிறப் பாலில் ஒரு மரத்தூள் மிதந்ததை நானே கரண்டியால் எடுத்துப் போட்டேன். மறுநாள் மாப்பிள்ளை வீட்டில் பதினாறு பேருக்கு வயிற்றுப்போக்கு, எங்கள் பக்கம் ஏழு பேர். அக்காவின் மாமியாருக்கு டிரிப்ஸ் ஏற்றினார்கள். மறுவீட்டு விருந்து நடக்கவே இல்லை. அக்கா அந்த வீட்டில் காலெடுத்து வைத்த முதல் வாரம் முழுக்க இந்தப் பேச்சுதான்.

ஐஸ் பாளம் குடிக்கும் தண்ணீரில் செய்வதல்ல, மீனுக்கும் காய்கறிக்கும் செய்வது. அது வெளியே இருக்கட்டும். பெரிய தொட்டியில் ஐஸை நிரப்பி, அதற்குள் சாறு உள்ள டிரம்மை மூடியோடு இறக்கிவிடுங்கள். இரண்டு மணி நேரத்தில் சில்லென்று ஆகிவிடும். டம்ளருக்குள் ஒரு துண்டு ஐஸ்கூட விழக் கூடாது என்று மாஸ்டரிடம் முதல் நாளே சொல்லி வையுங்கள்.

ஏப்ரல் 20

பானகம் கோயிலுக்குத்தானே, ரிசப்ஷனுக்கா என்று அண்ணி கேட்டதாக எழுதியிருந்தீர்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ராமநவமிக்கும் தேர்த்திருவிழாவுக்கும் குடித்தே பழக்கம்.

ஆனால் நீங்கள் பாலக்கோட்டுக்காரர். வெல்லம் உங்கள் வாசலில் காய்கிறது. உருண்டை பளிச்சென்று மஞ்சளாக இருந்தால் வாங்காதீர்கள், நிறம் கொடுக்க எதையாவது போட்டிருப்பார்கள். கருத்தாற்போல் இருக்கும் வெல்லம் கிலோவுக்கு 6 லிட்டர் தண்ணீர். கரைத்துத் துணியில் வடிகட்டாவிட்டால் மண் நாக்கில் படும். எலுமிச்சை, சுக்கு, ஏலக்காய், ஒரு சிட்டிகை உப்பு. பச்சைக் கற்பூரம் 30 லிட்டருக்குக் கடுகளவு. கொஞ்சம் கூடினாலும் மருந்து வாடை வந்துவிடும். எங்கள் பாட்டி எலுமிச்சைக்குப் பதில் புளி கரைத்து ஊற்றுவார். தருமபுரிப் புளிக்கு அது நன்றாகவே இருக்கும், ஆனால் மாம்பழச் சாற்றுக்குப் பக்கத்தில் வைக்க எலுமிச்சைதான் பொருத்தம்.

30 லிட்டர் போதும். வாசலில் பன்னீர் தெளிக்கும் இடத்தில் வையுங்கள், சின்ன டம்ளரில்.

ஏப்ரல் 27, 'ஏற்பாடு' பற்றி

மூன்று வாரமாக இதைத் தள்ளிப்போட்டேன். நீங்கள் மறுபடி கேட்டதால் எழுதுகிறேன்.

சட்டத்தில் இடமில்லை. 2023இல் சிறப்பு உரிமம் வாங்கிக் கல்யாண மண்டபத்திலும் மது பரிமாறலாம் என்று விதியில் ஒரு திருத்தம் வந்தது. எதிர்ப்பு கிளம்பியதும் கல்யாண மண்டபம் என்பதையே எடுத்துவிட்டார்கள். பெங்களூர் நண்பர்கள் வரும்போது கொண்டுவருகிறோம் என்றால், ஓசூர் எல்லையில் ஜூஜூவாடி சோதனைச் சாவடியில் மாட்டினால் கல்யாண நாளன்று நீங்கள்தான் ஸ்டேஷனுக்கு அலைய வேண்டும்.

சட்டத்தை விடுங்கள். என் பெரியப்பா மகன் எட்டு வருடத்துக்கு முன் ஒரு ரிசப்ஷனுக்கு வந்தார். கார் டிக்கியைத் திறந்து வைத்துக்கொண்டு நாலைந்து பேர் நின்றார்கள். பத்து மணிக்குச் சேலம் கிளம்பினார். வண்டியை எடுக்காதே அண்ணா என்று சொல்ல எங்கள் யாருக்கும் வாய் வரவில்லை, கல்யாண வீட்டில் சண்டை வேண்டாம் என்று பார்த்தோம். தொப்பூர் இறக்கத்தில் நடுச்சுவரில் ஏற்றிவிட்டார். உயிர் பிழைத்தார், இன்றும் இடது காலைச் சாய்த்துத்தான் நடக்கிறார். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமைத் தாண்டினாலே வண்டி ஓட்டக் கூடாது, முதல் தடவை பிடித்தால் 10,000 ரூபாய் அபராதம், இல்லை 6 மாதம் வரை சிறை, இல்லை இரண்டுமே. அதெல்லாம் பிடிபட்டவனுக்கு. அவரைப் போலீஸ் பிடித்திருந்தால் நாங்கள் சந்தோஷப்பட்டிருப்போம்.

நீங்கள் போய் நண்பர்களிடம் பேசாதீர்கள், பெண்ணைப் பெற்றவர் சொன்னால் அது வேறு பேச்சாகிவிடும். மாப்பிள்ளையையே சொல்லச் சொல்லுங்கள். "என் கல்யாணத்தில் வேண்டாம்டா" என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

ஏப்ரல் 28

மாப்பிள்ளை சொல்லிவிட்டார் என்று நீங்கள் எழுதியதைப் பார்த்து நிம்மதி.

மே 4

மோர். சாப்பாடு முடிந்து கை கழுவி வருகிற இடத்தில் வையுங்கள். சர்க்கரைக்காரர்களுக்கு அன்று முழுக்க இதுதான் பானம், அதனால் வாசலிலும் ஒரு அண்டா வேண்டும். 1 லிட்டர் தயிருக்கு 3 லிட்டர் தண்ணீர். 900 பேரில் பாதிக்கு மேல் குடிப்பார்கள் என்று வைத்து 100 லிட்டர் மோர், 25 லிட்டர் தயிர். ஜூன் வெயிலில் முதல் நாள் ராத்திரி உறை ஊற்றினால் சாயங்காலம் பல் கூசும். அன்று காலையில் ஊற்றுங்கள். இஞ்சியும் பச்சைமிளகாயும் அரைத்து வடிகட்டி ஊற்ற வேண்டும், நறுக்கிப் போட்டால் குழந்தை வாயில் மிளகாய் மாட்டும்.

தயிர் முழுவதையும் ஒரே தடவையில் கரைத்துவிடாதீர்கள். 25 லிட்டர் மோர் தீரத் தீர அடுத்தது.

கம்பங்கூழ், ராகிக் கூழ் கடை ஒன்று போடலாமா என்று மகள் கேட்டிருக்கிறார். எனக்கு ராகி உயிர். ஆனால் ரிசப்ஷனில் கூழ் குடித்தவர் பந்தியில் பாதி இலையோடு எழுந்துவிடுவார். மறுநாள் காலை 10 மணிக்கு, முகூர்த்தம் முடிந்து ஊர் திரும்புகிறவர்களுக்கு வையுங்கள்.

மே 11, டம்ளர்

பேப்பர் கப் வாங்கியாகிவிட்டதா என்று கேட்க நினைத்தேன். உள்ளே பிளாஸ்டிக் பூசின காகிதக் கப் 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை. கடையில் கிடைக்கிறது என்பதற்காக வாங்காதீர்கள். பாத்திரக்கடையில் எவர்சில்வர் டம்ளர் வாடகைக்கு எடுங்கள். 900 பேரும் ஒரே நேரத்தில் வரப்போவதில்லை, 600 டம்ளரும் கழுவ மூன்று பேரும் போதும்.

எவர்சில்வர் வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வதற்கு வேறு காரணம் உண்டு.

எனக்கு அப்போது பதினாலு வயது. எங்கள் சித்தப்பா கல்யாணம். விருந்தாளிகளுக்கெல்லாம் எவர்சில்வர் டம்ளரில் பாதாம் பால் போனது. பம்பை அடிக்க வந்தவர்கள் சமையற்கட்டுக்குப் பின்னால், விறகு அடுக்கியிருந்த இடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு கட்டுக் காகிதக் கப்பை என் கையில் கொடுத்து, "அவங்களுக்கு இதுல ஊத்து" என்றார் தாத்தா. நான் ஊற்றினேன். அதில் ஒரு பெரியவர் கப்பை இரண்டு கையாலும் வாங்கினார். சூட்டில் கப் குழைந்து அவர் விரலில் வழிந்தது. ஒன்றும் சொல்லாமல் வேட்டியில் துடைத்துக்கொண்டு மறுபடி நீட்டினார். எதற்காக அவருக்கு வேறு கப் என்று அன்றைக்கே எனக்குத் தெரியும். தெரிந்துதான் ஊற்றினேன்.

அண்ணா, உங்கள் மண்டபத்தில் மேளக்காரர், வண்டி ஓட்டுநர்கள், குப்பை எடுக்க வருகிறவர், மைக் செட்காரர், எல்லோருக்கும் அதே டம்ளர், அதே சாறு, அதே இடம். மாஸ்டரின் ஆட்கள் பழக்கதோஷத்தில் பிரிப்பார்கள். உங்கள் வீட்டு ஆள் ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும்.

மே 12

"நானே நிற்கிறேன்" என்று உங்கள் மகன் எழுதியதைப் படித்தேன். மகிழ்ச்சி தம்பி.

மே 30

மண்டியில் பெங்களூரா கிலோ ஐந்து ரூபாய்க்குக் கேட்கிறார்கள். பறிகூலிக்கும் வண்டி வாடகைக்கும் காணாது. அப்பா பாதி மரத்தில் பறிக்காமலே விட்டுவிட்டார், கீழே விழுந்த பழத்தில் தேனீ மொய்க்கிறது. தோப்புப் பக்கம் போகவே மனசு வரவில்லை. சாற்றுக்கு டின்தான், அதில் மாற்றமில்லை. ஆனால் வரவேற்பு மேஜையில் தட்டுத்தட்டாக நறுக்கி வைக்க எங்கள் செந்தூராவும் பெங்களூராவும் இரண்டு கூடை அனுப்புகிறேன். வைக்கோலில் பழுத்தது, கார்பைடு கல் வைத்ததல்ல. காசு பேச வேண்டாம்.

ஜூன் 8, மத்தியானம்

நேற்று வந்திருந்தேன். நிறையப் பேர் நடுவில் உங்களிடம் நின்று பேச முடியவில்லை.

ஐந்தரை மணிக்கு மழை பிடித்துக்கொண்டதே, அதை நான் எதிர்பார்க்கவில்லை. ஏப்ரலில் உட்கார்ந்து வெயிலுக்குக் கணக்குப் போட்டுவிட்டேன். நனைந்து வந்தவர்கள் சாற்றை வாங்கிக்கொண்டே "சூடா ஏதாச்சும் இருக்கா" என்றுதான் கேட்டார்கள். மறுநாள் விடிகாலைக்கு என்று வைத்திருந்த சுக்கு காபிப் பொடியை மாஸ்டர் எடுத்துக் கொதிக்கவிட்டது பெரிய புண்ணியம். 20 லிட்டர் அரை மணியில் தீர்ந்தது.

சாறு 9 டின்னில் 8 உடைத்தார்கள். பானகம் சுத்தமாகக் காலி. பெண்ணின் பாட்டி மூன்றாவது டம்ளர் கேட்டு நின்றதை நான் பார்த்தேன். மோர்தான் ஓடவில்லை, 50 லிட்டரோடு நின்றுவிட்டது. கரைக்காத தயிர் இன்று மோர்க்குழம்பாகப் பந்திக்கு வந்தது, நன்றாக இருந்தது.

மண்டப வாசலில் மேளக்காரர்கள் தூணோரம் ஒதுங்கி நின்றிருந்தார்கள். உங்கள் மகன் தட்டோடு போனார். தவில் வாசிப்பவர் சுக்கு காபியை வாங்கி, ஆற்றிக் குடிக்க இன்னொரு டம்ளர் கேட்டார். தட்டிலிருந்து இன்னொன்றை எடுத்துக் கொடுத்தார் தம்பி.

ஜூன் 9

வைகாசி, ஆனியில் கல்யாணம் வைத்திருக்கிறவர்கள் இதைப் படித்தால் என் கணக்கில் இரண்டைத் திருத்திக்கொள்ளுங்கள். மோர் 60 லிட்டர் போதும். சுக்கு காபி 40 லிட்டருக்கு வேண்டிய பொடியும் கருப்பட்டியும் முதல் நாளே மண்டபத்தில் இருக்க வேண்டும்.